மனச்சிதைவு உள்ளவர் எழுந்து ஒரு வேலையைத் தொடங்க: வீட்டார் செய்யக்கூடியவை

மனச்சிதைவுக்கு மருந்து சாப்பிடத் தொடங்கியதும் பலருக்குக் காதில் கேட்கும் குரல்களும் சந்தேகங்களும் தணிந்துவிடும். பிள்ளை தேறிவிட்டான் என்று வீட்டார் மூச்சு விடும் நேரத்தில் இன்னொன்று கண்ணில் படும். காலையில் எழுவதில்லை, குளிப்பதில்லை, கூப்பிட்டால் ‘ம்’ என்பதோடு சரி. இதைச் சோம்பல், திமிர் என்று சொல்லாதீர்கள். இதுவும் நோயின் ஒரு பகுதிதான். குரல்களை அடக்கும் மருந்து இதற்குப் பெரிதாக உதவுவதில்லை. அதனால் வீட்டில் செய்யும் வேலைக்கு மதிப்பு அதிகம்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் செய்முறை பிடிபடும். பிரியாணியை வாயில் வைக்கும்போது கிடைக்கும் இன்பம் இவர்களில் பலருக்கு மற்றவர்களைப் போலவே இருக்கிறது. குறைவது, ‘போனால் பிரியாணி கிடைக்கும்’ என்று முன்கூட்டியே எழ வேண்டிய ஆசை. பொத்தானை அழுத்திப் பணம் ஈட்டும் சோதனைகளில், அதிகப் பணம் கிடைக்க நல்ல வாய்ப்பு இருந்தாலும் இவர்கள் கடினமான வேலையை அவ்வளவாகத் தேர்ந்தெடுப்பதில்லை. இன்னொரு கண்டுபிடிப்பை வீட்டார் அவசியம் மனதில் வைக்க வேண்டும்: லாபத்திலிருந்து கற்றுக்கொள்வது பழுதுபட்டாலும், நஷ்டத்திலிருந்து கற்றுக்கொள்வது பெரும்பாலும் பழுதில்லாமல் இருக்கிறது. திட்டு பதிந்துவிடும், பாராட்டு நழுவிவிடும். குளிக்கச் சொல்லித் தினமும் சண்டை நடந்தால், குளியலறை என்றாலே சண்டைதான் என்று பாடம் ஏறிவிடும்.

எதையும் தொடங்குமுன் மருத்துவரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள். நடக்கும்போது கை வீசவில்லை, முகம் அசைவதில்லை, விரல் நடுங்குகிறது என்றால் மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாம்; மருந்தின் அளவையோ மருந்தையோ மாற்றினால் சரியாக வாய்ப்புண்டு. பகல் 11 மணி வரை தூக்கம் கலையவில்லை என்றால், இரவு மாத்திரையைச் சீக்கிரம் கொடுக்கலாமா என்று கேளுங்கள். ‘நான் பாரம்’, ‘செத்தால் தேவலை’ போன்ற பேச்சு வந்தால் மனச்சோர்வும் சேர்ந்திருக்கக்கூடும்; அதைத் தள்ளிப்போடாமல் உடனே காட்ட வேண்டும். தைராய்டு, ரத்தசோகை, குடி, கஞ்சா ஆகியவற்றையும் கவனியுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது.

அடுத்தது வேலையைத் தேர்ந்தெடுப்பது. ஒன்றே ஒன்று போதும். நோய்க்கு முன் அவருக்குப் பிடித்திருந்ததாகவும், 10 நிமிடத்துக்குள் முடிவதாகவும், முடித்த இடத்திலேயே பலன் தெரிவதாகவும் இருக்கட்டும். செடிக்குத் தண்ணீர் விடுவது, தெருமுனைக் கடைவரை நடந்து டீ குடிப்பது, காய் நறுக்குவது மாதிரி. ‘வேலைக்குப் போ’, ‘படிப்பை முடி’ என்பவை பலன் வர மாதக்கணக்காகும் பேச்சுகள். அவ்வளவு தூரம் எட்டிப் பார்க்கும் ஆசைதான் இவரிடம் குறைந்திருக்கிறது. எதைச் செய்யலாம் என்பதை அவரே சொல்ல வேண்டும். வாய் திறக்கவில்லை என்றால் இரண்டைச் சொல்லி, எது என்று கேளுங்கள்.

தினமும் ஒரே நேரம், ஒரே இடம். பொருட்களை முன்பே கண்ணில் படும்படி எடுத்து வையுங்கள். வாளியில் தண்ணீர், பக்கத்தில் செருப்பு. அழைப்பு ஒரே வாக்கியமாக இருக்கட்டும்: “கண்ணா, காப்பி போட்டாச்சு. செடிக்குத் தண்ணி ஊத்திட்டுக் குடிக்கலாம், வா.” சொன்ன பிறகு பேசாமல் நில்லுங்கள். பதில் வர நேரமாகும். அதற்குள் இரண்டாவது முறை சொன்னால் அது நச்சரிப்பாகிவிடும். முதல் வாரம் நீங்களும் கூடவே செய்யுங்கள். அவர் ஒரு குவளை மட்டும் ஊற்றினாலும் அன்றைக்கு அது போதும்.

அதோடு ஒரு நோட்டு வேண்டும். தொடங்குமுன், ‘இது எவ்வளவு நல்லா இருக்கும்?’ என்று கேட்டு 0 முதல் 10க்குள் ஒரு எண் எழுதச் சொல்லுங்கள். முடித்ததும், ‘எப்படி இருந்துச்சு?’ என்று இன்னொரு எண். முன்னால் 2, பின்னால் 5 என்று வரலாம். மறுநாள் அழைக்கும்போது அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். தானாக எழாத எதிர்பார்ப்புக்கு அந்த எழுத்து கைகொடுக்கும். இந்த முறையில் எங்களுக்கு மிகுந்த நம்பிக்கை உண்டு. ஆனால் பின்னால் வரும் எண் தொடர்ந்து குறைவாகவே இருந்தால் வேலையை மாற்றிவிடுங்கள், வற்புறுத்த வேண்டாம்.

பரிசு கொடுப்பதானால் வேலை முடிந்த கையோடு கொடுங்கள். மாதக் கடைசியில் வாங்கித் தரும் சட்டையை விட, அந்த நிமிடம் கையில் வரும் 10 ரூபாய் வேலை செய்யும். பாராட்டிலும் விவரம் வேண்டும். ‘வெரி குட்’ என்பதை விட ‘நீ ஊத்துனதுல மல்லி நிமிர்ந்துடுச்சு பார்’ என்பது மேல். 1960களில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து அன்னா அரசு மருத்துவமனையில் அயில்லான், அஸ்ரின் என்ற உளவியலாளர்கள், பிடித்த பொருளுக்கு மாற்றிக்கொள்ளக்கூடிய டோக்கன் கொடுத்து நோயாளிகளை வேலைகளில் ஈடுபடுத்தினார்கள். டோக்கன் நின்றதும் வேலையும் குறைந்தது. எனவே பணம் தொடக்கத்துக்கு மட்டும். வேலையின் சொந்த ருசி தெரியத் தொடங்கியதும் மெல்லக் குறையுங்கள். சாப்பாடு, படுக்கை, போன், பேச்சு ஆகியவற்றை ஒருபோதும் பரிசாக்காதீர்கள். அவை அவருடைய உரிமை.

வாரத்தில் 5 நாள் வீதம் இரண்டு வாரம் ஓடினால் கொஞ்சம் கூட்டலாம். ஒரு தொட்டி அதிகம், அல்லது இன்னொரு தெரு. பெரும்பாலான வீடுகளில் முயற்சி உடைவது இந்த இடத்தில்தான். ஒரு நாள் நன்றாகச் செய்தவுடன் ‘இவ்வளவு முடியுதுல்ல, மாடியையும் பெருக்கு’ என்பார்கள். செய்தால் சுமை கூடும் என்று அவர் கற்றுக்கொள்வார். இரண்டாவது தவறு, தவறவிட்ட நாளுக்குக் கணக்குக் கேட்பது. நோட்டில் அன்றைக்கு ஒரு கோடு போட்டுவிட்டு மறுநாள் அதே நேரத்தில் அழையுங்கள். மூன்றாவது, அப்பா ஒன்று சொல்ல அம்மா ஒன்று சொல்வது. அழைப்பவர் ஒருவராகவே இருக்கட்டும்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தவர் சில நாட்களில் திடீரென முடங்கினாலோ, இரவில் தூங்காமல் தனக்குள் பேசினாலோ, நோய் திரும்புகிறது என்று சந்தேகித்து மருத்துவரைப் பாருங்கள். உடனே யாரிடமாவது கேட்க வேண்டுமென்றால் 14416, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண், தமிழிலேயே பேசலாம்.