கார்டு மறுத்த பிறகு செய்யும் தவறுகள்

கிரெடிட் கார்டு பாக்கியில் மாட்டியவர்களுக்கு ஸ்டேட்மென்ட்டைப் பார்த்து வழி சொல்வது என் வேலை. சமீபகாலமாக வருகிறவர்களில் பலர் முதல் சம்பளத்தோடு முதல் கார்டும் வாங்கிய பிள்ளைகள். பழைய ஆட்கள் விழுந்த அதே குழிகளில்தான் இவர்களும் விழுகிறார்கள். சூதாடாதே என்பதை வீட்டில் நிறையவே சொல்லியிருப்பார்கள், அதை விட்டுவிடுகிறேன். ஆன்லைன் சூதாட்டத்துக்குக் கார்டு மறுத்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

ஒரு கார்டு மறுத்தால் இன்னொரு கார்டு

கார்டு வாங்கும் ஒவ்வொரு வணிகருக்கும் நான்கு இலக்கக் குறியீடு ஒன்று உண்டு. பந்தயம், கேசினோ வகையறாவுக்கு 7995. அந்த எண்ணைப் பார்த்ததும் வங்கியின் கணினி மறுத்துவிடும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆட்டங்களுக்கான பரிவர்த்தனையை வங்கிகள் நடத்தவே கூடாது என்கிறது. ஆக, கார்டிலோ நெட்வொர்க்கிலோ கோளாறு இல்லை. இன்னொரு வங்கிக் கார்டைப் போட்டு முயல்வது வீண் வேலை.

சில தளங்களில் மட்டும் பணம் போய்விடும். சந்தோஷப்பட வேண்டாம். துணிக்கடை, மளிகைக்கடை என்று வேறொரு குறியீட்டில் ஒளிந்துகொண்டு வாங்குகிறார்கள். முகவரியை மறைத்து வாங்குபவன் நாளைக்குப் பணத்தைத் திருப்பித் தருவானா?

கார்டைத் தேய்த்துக் காசு வாங்குவது

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். கார்டு நேரடியாக மறுத்ததும் தெரிந்த மொபைல் கடைக்குப் போகிறார்கள். கடைக்காரர் போன் விற்றதாக ஒரு பில் போட்டு, மெஷினில் தேய்த்து, நூற்றுக்கு இரண்டோ மூன்றோ கமிஷன் பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் தருவார். அது யூ.பி.ஐ. வழியாக ஆட்டத்துக்குப் போகும்.

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் பையன் ஒருவனின் ஸ்டேட்மென்ட் இப்படித்தான் இருந்தது. ஒரே மொபைல் கடையின் பெயர் வரிசையாக வருகிறது. 20,000. இரண்டு நாள் விட்டு 15,000. அப்புறம் மறுபடி 15,000. பைசா இல்லாத முழுத் தொகைகள். போன் வாங்கினால் 14,999 என்றல்லவா இருக்கும்? எனக்கே பார்த்ததும் புரிகிறது, வங்கிக்குப் புரியாதா? கடன் வரம்பைக் குறைத்துவிட்டார்கள். அவன் வங்கியைத் திட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"மூணு பர்சென்ட்தானே சார், ஜெயிச்சா அடைச்சிடலாம்" என்றான். இந்த 'மூணு பர்சென்ட்தானே'வைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சரி, கணக்கைப் போடுவோம். ஏப்ரல் 2 அன்று 50,000 தேய்க்கிறீர்கள். கமிஷன் போகக் கையில் 48,500. மே 1-ஆம் தேதி பில் வருகிறது, 20-ஆம் தேதி கெடு. மினிமம் டியூ, அதாவது கெடுவுக்குள் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை, 5 சதவீதம் என்று வைத்தால் 2,500. அதைக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறீர்கள். முழுத் தொகையைக் கட்டாதபோது வட்டி கெடு தேதியிலிருந்து ஓடாது. தேய்த்த நாளிலிருந்தே ஓடும். மாதம் மூன்றரை சதவீதம் என்றால் ஜூன் 1 பில்லில் வட்டி மட்டும் சுமார் 3,400. அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கூட்டினால், 2,500 கட்டிய பிறகும் பாக்கி ஏறத்தாழ 51,500. வாங்கியதைவிட அதிகம்! பழைய பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் அரிசி பருப்புக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. மீட்டர் வட்டிக்காரனாவது வாசலில் வந்து நிற்பான். இது சத்தமில்லாமல் ஏறும்.

அடுத்த கட்டம் இதைவிட மோசம். முதல் கார்டை அடைக்க இரண்டாவது கார்டைத் தேய்ப்பார்கள், அதை அடைக்க மூன்றாவது. 'ரொட்டேஷன்' என்று ஏதோ தொழில் மாதிரி பேசுவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் கடைக்காரருக்கு மூன்று சதவீதம். இந்த மொத்த விவகாரத்தில் தவறாமல் ஜெயிப்பவர் அவர் ஒருவர்தான். ஆட்டத்தில் போன பணம் போனதோடு சரி. தேய்த்த பணம் ஆட்டத்தை நிறுத்திய பிறகும் வளர்ந்துகொண்டே இருக்கும்.

ஏ.டி.எம்.மில் கிரெடிட் கார்டைப் போட்டுப் பணம் எடுப்பதும் இதற்கு அண்ணன்தான். எடுக்கக் கட்டணம், எடுத்த நாள் முதலே வட்டி.

'நான் செய்யவில்லை' என்று வங்கியிடம் புகார்

ஓ.டி.பி. போட்டது நீங்கள். எடுபடாது.

நண்பனின் கார்டு

வேண்டாம்.

வெளிநாட்டுத் தளம்தானே, யார் கேட்பார்கள்

லாட்டரிச் சீட்டு, கால்பந்துப் பந்தயச் சீட்டு போன்றவற்றுக்கு வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதை அந்நியச் செலாவணி விதிகள் 2000-ஆம் ஆண்டிலிருந்தே தடுத்திருக்கின்றன. ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டத்தில் அபராதம் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை போகலாம். புதிய கேமிங் சட்டத்தில் ஆடுபவருக்குத் தண்டனை இல்லை என்பதைப் பிடித்துக்கொண்டு இதை மறந்துவிடுகிறார்கள்.

ஜெயித்த பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காதது

இந்தத் தளங்கள் ஜெயித்த பணத்தைத் தங்கள் பெயரில் அனுப்புவது அரிது. முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் கணக்கிலிருந்து வரும். பல நேரம் அது வாடகைக்கு எடுத்த கணக்கு. வேறெங்கோ ஏமாந்த ஒருவரின் பணம். அவர் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்து புகார் கொடுத்தால், பணம் போன வழியெல்லாம் கணக்குகள் முடங்கும். உங்கள் சம்பளக் கணக்கும் அதில் ஒன்று. வந்தது 4,000 ரூபாயாக இருக்கலாம், மாட்டுவது மொத்தக் கணக்காகவும் இருக்கலாம். வேறு மாநில சைபர் போலீசுக்கு விளக்கம் அனுப்பிக் காத்திருக்க வேண்டும்.

பாக்கி ஏற்கெனவே ஏறியிருந்தால்

முதலில் தேய்ப்பதை நிறுத்துங்கள். வங்கியைக் கூப்பிட்டு மொத்தப் பாக்கியையும் இ.எம்.ஐ. ஆக மாற்றக் கேளுங்கள். பெரும்பாலும் வட்டி பாதிக்குக் கீழே இறங்கும். கார்டின் ஆப்பில் ஆன்லைன், வெளிநாட்டுப் பரிவர்த்தனை இரண்டுக்கும் தனித்தனி ஸ்விட்ச் இருக்கும். இரண்டையும் அணைத்துவிட்டு, கடையில் தேய்க்கும் வரம்பையும் பெட்ரோல் செலவு அளவுக்குக் குறைத்து வையுங்கள். திருப்பூர்ப் பையனுக்கு அதைத்தான் முதலில் செய்யச் சொன்னேன். வங்கிக்குப் போன் செய்தது அதற்கு அப்புறம்தான்.