சிகரெட்டை முழுசாக விட்டு வேப்புக்கு மாறுவது: மூன்றாவது தடவை எனக்கு எப்படிப் படிந்தது

இருபது வருஷம் சிகரெட் பிடித்தவன் நான், அதில் கடைசி எட்டு வருஷம் நாளைக்கு ஒரு பாக்கெட். வேப்புக்கு, அதாவது மின்சிகரெட்டுக்கு, மாற மூன்று தடவை முயன்றேன். முதல் தடவை நான்கு நாள் தாங்கியது. இரண்டாவது தடவை ஐந்து வாரம் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தேன், அதாவது காலையில் சிகரெட், பகலில் வேப், ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் மறுபடி சிகரெட். அதற்குப் பெயர் மாறுவது கிடையாது, செலவை இரட்டிப்பாக்கிக்கொள்வது. இரண்டு தடவையும் 'நமக்கு மன உறுதி பத்தாது' என்று என்னையே திட்டிக்கொண்டேன். அப்புறம் உட்கார்ந்து யோசித்தபோதுதான், வேப்பில் ஊற்ற நான் வாங்கிய லிக்விடே, அதாவது நிகோடின் திரவமே, தப்பு என்று புரிந்தது. அந்தத் தப்பைத்தான் கீழே கொஞ்சம் விரிவாக எழுதியிருக்கிறேன்.

தொடங்குமுன் ஒரு விஷயம். இது ஏற்கெனவே புகைப்பவர்களுக்கு மட்டும். சிகரெட்டே தொடாதவர், பள்ளி கல்லூரி வயதுப் பிள்ளைகள் எல்லாம் இந்தப் பக்கம் வர வேண்டாம், இல்லாத பழக்கத்தைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்வதுதான் மிச்சம். கர்ப்பிணிகள் மருத்துவரிடம் கேட்காமல் எதையும் தொடங்காதீர்கள். நீங்கள் இருக்கும் நாட்டின் சட்டத்தையும் பாருங்கள்: இந்தியாவில் 2019-இல் வந்த சட்டப்படி மின்சிகரெட் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை எல்லாமே தடை, சிங்கப்பூரில் கையில் வைத்திருப்பதே குற்றம். அப்படிப்பட்ட இடத்தில் இருப்பவர்கள் திருட்டுச் சரக்கைத் தேடிப் போகாமல் நிகோடின் கம் (மெல்லுவது), பேட்ச் (தோலில் ஒட்டுவது) பக்கம் போவது நல்லது. ஐந்தாவது படி அவர்களுக்கும் உதவும்.

படி 1: கருவி

சின்ன பாட் ஒன்று போதும், அதாவது லிக்விட் ஊற்றும் குட்டித் தொட்டி மாட்டின, கைக்கடக்கமான வேப். பெரிய பெட்டி மாதிரி இருக்கிறதே, புகை மண்டலமாய் விடுகிறதே, அது வேண்டாம். சிகரெட்டை நாம் முதலில் வாய்க்குள் இழுத்து, அப்புறம்தான் நெஞ்சுக்குள் இறக்குகிறோம். அந்தப் பழக்கத்துக்கு ஒத்துவருவது இறுக்கமாக இழுபடும் கருவி. லிக்விடைச் சூடாக்கும் கம்பிச்சுருளான காயிலில் மின்தடை 0.8 ஓமிலிருந்து 1.2 ஓம் வரை போட்டிருந்தால் சரி. 0.5-க்குக் கீழே போனால் மூச்சு இழுப்பது மாதிரி நேராக நெஞ்சுக்குள் இழுக்க வேண்டியிருக்கும், முதல் இழுப்பிலேயே இருமித் தள்ளிவிடுவீர்கள்.

ஒருதடவை உபயோகித்துத் தூக்கிப்போடும் வகை எனக்குப் பிடிக்காது. நிகோடினைப் படிப்படியாகக் குறைக்க அதில் வழி ரொம்பக் கம்மி, நல்ல லித்தியம் பேட்டரி குப்பைக்குப் போகிறது. பிரிட்டனில் 2025 ஜூன் 1 முதல் அதன் விற்பனைக்கே தடை போட்டுவிட்டார்கள்.

முக்கியமாக, இரண்டு பாட் வாங்குங்கள். ஒரே மாதிரி இரண்டு. என்னடா இவன் செலவு வைக்கிறானே என்று தோன்றும். ஆனால் பேட்டரி செத்துப்போய், சார்ஜரும் கையில் இல்லாத அந்த ஒரு மணி நேரத்தில்தான் நம் கால் தானாகப் பெட்டிக்கடைக்கு நடக்கும். என் முதல் முயற்சி நான்காம் நாள் முடிந்தது அப்படித்தான்.

படி 2: நிகோடின் அளவு (நான் வழுக்கி விழுந்த இடம்)

முதல் தடவை வாங்கியது 3 மி.கி. லிக்விட், அதாவது ஒரு மில்லிக்கு 3 மி.கி. நிகோடின். 'குறைவாக இருந்தால் நல்லதுதானே, எப்படியும் விடத்தானே போகிறோம்' என்ற கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அன்று முழுக்க அந்தப் பாட் கருவியை வாயிலிருந்து எடுக்காமல் உறிஞ்சிக்கொண்டே இருந்தேன், தொண்டை காய்ந்ததே தவிர சிகரெட் ஆசை ஒரு துளி அடங்கவில்லை. சாயங்காலம் யார் பேசினாலும் எரிந்து விழுந்தேன்.

பிரச்சினை எங்கே என்றால், 3 மி.கி. என்பது அந்தப் பெரிய மண்டலப் புகைக் கருவிகளுக்கான அளவு. ஒரே இழுப்பில் அவ்வளவு ஆவி உள்ளே போவதால் அதில் 3 கூடப் போதும். சின்ன பாட் கருவியில் ஓர் இழுப்புக்கு வருவது கொஞ்சம்தான், அதில் 3 ஊற்றினால் ஒன்றும் வராது. நாளைக்கு ஒரு பாக்கெட் பிடிப்பவருக்குச் சின்ன பாட் கருவியில் 18-இலிருந்து 20 மி.கி. தேவைப்படும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் ஒரு மில்லிக்கு 20 மி.கி.தான் சட்டப்படி உச்சவரம்பு, அதையே நம் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்ளலாம். பத்துச் சிகரெட்டுக்குள் பிடிப்பவருக்கு 10, 12 போதலாம்.

'இவ்வளவு நிகோடினா' என்று பயப்பட்டவர்களில் நானும் ஒருவன். நிகோடின் நம்மை அடிமையாக்குகிறது, இதயத்துடிப்பை ஏற்றுகிறது, நல்ல பொருள் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் புற்றுநோய்க்கும் நுரையீரல் கெடுவதற்கும் பெரும் காரணம் புகையிலை எரிவதால் வரும் தாரும் மற்ற நச்சும். நிகோடினில் கஞ்சத்தனம் பண்ணினால் உடம்பு அந்தப் பாக்கியை வசூலிக்க மறுபடி சிகரெட்டுக்கே போகும். முதலில் எரிவதை நிறுத்துவோம், நிகோடினை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது தடவை புத்தி வந்து 18 மி.கி. வாங்கினேன். தொண்டையில் மிளகாய்ப் பொடி தூவின மாதிரி எரிச்சல், கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு இருமல். பயந்துபோய் 6-க்கு இறங்கினேன், ஆசை அடங்காததால் கூடவே சிகரெட்டும் பிடித்தேன். ஐந்து வாரக் கூத்து அதுதான். யாரும் எனக்குச் சொல்லாத விஷயம், லிக்விடில் இரண்டு ரகம் உண்டு. சாதாரண நிகோடின் அமிலத்துக்கு எதிரான காரத்தன்மை உள்ளது, அளவு கூடினால் தொண்டையை அறுக்கும். நிகோடின் சால்ட் என்பது அதோடு பென்சோயிக் அமிலம் மாதிரி ஏதாவது சேர்த்து அந்தக் காரத்தன்மையைத் தணித்தது, 20 மி.கி. கூட வழவழவென்று இறங்கும். மூன்றாவது தடவை சால்ட் 20 வாங்கினேன். ஆறாவது இழுப்பில் தோள் தளர்ந்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பாட்டிலில் 50/50 என்று போட்டிருப்பதைப் பாருங்கள், அது லிக்விடின் அடிப்படைத் திரவங்களான புரொப்பிலீன் கிளைக்காலும் வெஜிடபிள் கிளிசரினும் பாதிப் பாதி. கிளிசரின் 70 சதவீதம் இருந்தால் சின்ன காயிலுக்குக் கெட்டி, பஞ்சு வேகமாக உறிஞ்சாது. தலை சுற்றல், குமட்டல், விக்கல் வந்தால் அளவு அதிகம் என்று அர்த்தம், கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள்.

லிக்விடை எங்கே வாங்குகிறோம் என்பதில் கறாராக இருங்கள். 2019-இலும் 2020 தொடக்கத்திலும் அமெரிக்காவில் வேப் பிடித்த 2,800-க்கும் மேற்பட்டோர் நுரையீரல் பாதிப்போடு மருத்துவமனைக்குப் போனார்கள், 68 பேர் இறந்தார்கள். அதில் பெரும்பாலானவை கள்ளத்தனமாக விற்ற கஞ்சாச்சத்து லிக்விடில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட்டால் வந்த வினை. லேபிள் இல்லாத பாட்டில், 'நண்பர் கலந்து கொடுத்தார்' சரக்கு, இரண்டும் வேண்டாம். பாட்டில் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும், விழுங்கினால் விஷம்.

படி 3: காயிலை ஊற விடுங்கள்

புது காயிலில் இருப்பது காய்ந்த பஞ்சு. லிக்விடை நிரப்பியதும் ஆசையில் இழுத்தால் பஞ்சு கருகிவிடும், கருகின காயில் கருகினதுதான், எவ்வளவு லிக்விட் ஊற்றினாலும் தீய்ந்த நாற்றம் போகாது. காயிலின் பக்கவாட்டில் தெரியும் ஓட்டைகளில் இரண்டு மூன்று சொட்டு விட்டு, வெள்ளைப் பஞ்சு நனைந்து நிறம் மாறுவதைப் பாருங்கள், அப்புறம் நிரப்பிப் பத்து நிமிஷம் வையுங்கள். காயில் ஒன்றிரண்டு வாரம் வரும். தித்திப்பும் கறுப்பு நிறமுமான லிக்விட் என்றால் சீக்கிரமே போய்விடும்.

படி 4: மெதுவாக இழுங்கள்

சிகரெட்டை இழுக்கும் வேகத்தில் 'சர்ர்' என்று இழுத்தால் காயிலுக்குள் லிக்விட் வெள்ளமாகி, கொளகொளவென்று சத்தம் வந்து, கசப்பாக ஒரு சூட்டுத் துளி நாக்கில் தெறிக்கும். எனக்கு ஒரு வாரம் இதுதான் கதை, கருவி பழுது என்று நினைத்து மாற்றக்கூடக் கிளம்பிவிட்டேன். உறிஞ்சு குழலில் கெட்டியான எதையோ குடிப்பது மாதிரி மூன்று நான்கு விநாடி மெதுவாக வாய்க்குள் இழுத்து, அப்புறம் நெஞ்சுக்கு விடுங்கள். ஓர் இழுப்புக்கும் அடுத்ததுக்கும் அரை நிமிஷம் இடைவெளி. சத்தம் வந்தால் அந்தக் குட்டித் தொட்டியைக் கழற்றி, டிஷ்யூவை அடியில் வைத்து, வாய்ப்பக்கத்திலிருந்து ஊதிவிட்டுத் துடைத்தால் சரியாகிவிடும்.

சிகரெட்டுக்கு ஒரு முடிவு உண்டு, பஞ்சு வந்ததும் நசுக்கிவிடுவோம். இதற்கு முடிவே கிடையாது, அதனால் 'பிடித்து முடித்த' திருப்தி முதல் சில வாரம் வராது. எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படாமல் தேவைப்பட்டபோது இழுங்கள்.

படி 5: அந்தக் கடைசிச் சிகரெட்

இருபதிலிருந்து இரண்டுக்கு இறங்குவது சுலபம், பத்து நாளில் வந்துவிடலாம். அந்த இரண்டிலிருந்து பூஜ்யத்துக்கு வருவதுதான் மலை. 'ரெண்டு தானே, போகட்டும்' என்பவர்களுக்கு: 2018-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வுத் தொகுப்பின்படி, நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும், இருபது பிடிப்பவருக்கு இருக்கும் கூடுதல் இதயநோய் ஆபத்தில் ஏறக்குறையப் பாதி இருக்கிறது. இருபதில் ஒரு பங்கு இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதைப் படித்த அன்றுதான் 'சேர்த்துப் பிடிக்கிற' சமரசத்தைக் கைவிட்டேன்.

என்னைப் பிடித்துவைத்திருந்தது காலைச் சிகரெட். நிகோடின் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரத்தத்தில் பாதியாகிவிடும், ஆக விடியும்போது ஏறக்குறைய வற்றிக்கிடப்போம். சிகரெட் சில விநாடிகளில் மூளைக்கு ஏற்றிவிடும், பாட் அந்த வேகத்துக்கு வராது. நான் செய்தது: காபிக்கு முன்னால், எழுந்ததும் பத்து நிமிஷம் பாட் இழுப்பது. வழக்கமாகச் சிகரெட் பிடிக்கும் பால்கனிக்குப் போகவில்லை, சமையலறை மேடையில் சாய்ந்து நின்றேன். காபி வரும்போது பாதி ஆசை அடங்கியிருக்கும்.

லைட்டரையும் வீட்டில் வைக்காதீர்கள். பாக்கெட்டைத் தூக்கிப்போட்டுவிட்டு லைட்டரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன், மூன்று வாரம் ஆகியும் கட்டைவிரல் அதைத் தேடித் தடவிக்கொண்டே இருந்தது. ஒருநாள் தவறி ஒரு சிகரெட் பிடித்துவிட்டால் எல்லாம் போச்சு என்று பாக்கெட் வாங்கவும் வேண்டாம். எனக்கு இரண்டாவது வாரம் அப்படி நடந்தது, பாதியிலேயே வாய் நாறியது, அணைத்துவிட்டேன்.

உடம்பு செய்யும் சேட்டைகள்

வாய் காயும், தண்ணீர் நிறையக் குடியுங்கள். சிலருக்கு வாய்ப்புண் வரும், சிலருக்கு இருமல் கூடும், இரண்டும் சிகரெட்டை நிறுத்தியவர்களுக்கு முதல் சில வாரம் வருவதுதான். நீடித்தாலோ சளியில் இரத்தம் வந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். திடீரென்று ஒருநாள் லிக்விடில் சுவையே தெரியாது, வேறு சுவைக்கு மாற்றினால் பெரும்பாலும் திரும்பிவிடும்.

எனக்குப் பெரிய குழப்பம் தந்தது தூக்கமின்மை. படபடப்பு வேறு. நிகோடின் கூடிவிட்டது என்று நினைத்து அளவைக் குறைக்கப் போனேன். உண்மையான குற்றவாளி காபி. சிகரெட் புகையிலுள்ள தார்ப்பொருட்கள் கல்லீரலில் காஃபினை உடைக்கும் நொதியை முடுக்கிவிடுகின்றன. புகை நின்றதும் அந்த முடுக்கம் போய்விடும், நிகோடின் அதைச் செய்யாது, ஆக அதே மூன்று கப் காபி உடம்பில் நெடுநேரம் தங்கிவிடுகிறது. மத்தியானத்துக்கு மேல் காபியை நிறுத்தினேன், தூக்கம் வந்தது.

பின்சேர்க்கை 1: காபிப் பகுதியைப் படித்த ஒருவர், தான் ஒலன்சபைன் என்ற மனநல மருந்து சாப்பிடுவதாகவும் சிகரெட்டை விட்டதிலிருந்து பகலெல்லாம் தூக்கமாக இருப்பதாகவும் எழுதியிருந்தார். அதே நொதிதான் அந்த மருந்தையும் உடைக்கிறது. ஒலன்சபைன், அதே போன்ற குளோசபைன், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின், இவற்றில் எதைச் சாப்பிட்டாலும் சிகரெட்டை நிறுத்தும் முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்தின் அளவை மாற்ற வேண்டிவரும். முதலிலேயே இதை எழுதியிருக்க வேண்டும்.

பின்சேர்க்கை 2: விமானத்தில் பாட் ஒழுகிவிட்டது என்று இரண்டு பேர். மேலே காற்றழுத்தம் குறைவதால் வருவது அது, ஏறுமுன் காலி செய்துவிடுங்கள். கருவி கைப்பையில்தான் இருக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. தனி பேட்டரி வைத்திருப்பவர்கள் அதைச் சாவி, சில்லறையோடு ஒரே பையில் போடாதீர்கள், முனைகள் இணைந்தால் தீப்பிடிக்கும்.

பின்சேர்க்கை 3: 'வேப்பை எப்போது விடுவீர்கள்' என்று கேட்பவர்களுக்கு. 2019-இல் பிரிட்டனில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், ஒரு வருஷம் கழித்து சிகரெட் இல்லாமல் இருந்தவர்கள் வேப் குழுவில் 18 சதவீதம், கம், பேட்ச் குழுவில் 9.9 சதவீதம். அதே ஆய்வின் மறுபக்கம், வேப் குழுவில் சிகரெட்டை விட்டவர்களில் 80 சதவீதம் பேர் அப்போதும் வேப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் அந்த 80-இல்தான் சேர்த்தி. நிகோடினில் 20 மி.கி.யிலிருந்து 10-க்கு இறங்க நான்கு மாதம் ஆனது, 10-இலிருந்து 5-க்கு இன்னும் ஐந்து மாதம். இடையில் ஒருமுறை சிகரெட் நினைப்பு வந்ததும் வெட்கப்படாமல் மறுபடி 10-க்கே ஏறினேன். அடுத்தது 3. முதல் தடவை வாங்கிய அந்த 3 மி.கி. பாட்டில் மேசை டிராயரில்தான் கிடக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தேன், தேதி தாண்டிவிட்டது, புதிதாகத்தான் வாங்க வேண்டும்.