கம்பெனி வேறாக இருந்தாலும் ஃப்ளாஷ்களை ஒன்றாக அடிக்க வைக்கலாம்

கையில் ஒரு கோடாக்ஸ் டிடி600, செகண்ட் ஹேண்டில் வாங்கிய யாங்நுவோ ஒய்என்560 III, அப்புறம் பழைய நிக்கான் எஸ்பி-800. மூன்றையும் ஆளுக்கொரு ஸ்டாண்டில் ஏற்றி ஒயர் இல்லாமல் ஒரே நேரத்தில் அடிக்க வைக்க முடியுமா? தாராளமாக முடியும், இதற்காக இருப்பதை விற்றுவிட்டு ஒரே கம்பெனியில் மூன்று வாங்க வேண்டியதில்லை. ஆனால் டிடிஎல்லை, அதாவது ஃப்ளாஷின் பவரைக் கேமராவே அளந்து வைக்கும் வசதியை, மறந்துவிட வேண்டும். டிடிஎல்லுக்கு ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனி பாஷை வைத்திருக்கிறது. எல்லா ஃப்ளாஷுக்கும் பொதுவாகப் புரிவது 'இப்போது அடி' என்ற கட்டளை மட்டும்தான், ஹாட் ஷூவின் (கேமராவின் தலையில் ஃப்ளாஷைச் செருகும் இடம்) நடுவில் இருக்கும் பின் கடத்துவதும் அதைத்தான். அதனால் எல்லாவற்றையும் எம் (மேனுவல்) மோடில் போட்டு, பவரைக் கையால் வையுங்கள்.

முக்கிய லைட்டை ரேடியோவில் ஓட்டுங்கள். கேமராவில் கோடாக்ஸ் எக்ஸ்2டி ட்ரிக்கர், டிடி600 ரேடியோ ஸ்லேவில் (ட்ரிக்கரின் சிக்னலைக் கேட்டு அடிக்கும் மோடு), இரண்டும் ஒரே சேனலில். மற்ற இரண்டுக்கும் செலவே இல்லாத வழி, அந்த வெளிச்சத்தைப் பார்த்து அவையும் அடிக்கும்படி விடுவது. ஒய்என்560 III-ஐ எஸ்1-இல் போடுங்கள், எஸ்பி-800-இன் மெனுவில் எஸ்யூ-4 தேர்ந்தெடுங்கள், அவ்வளவுதான். எஸ்2 என்று ஒன்று இருக்கிறதே, அது டிடிஎல் ஃப்ளாஷ் படத்துக்கு முன்னால் அடிக்கும் சின்ன வெளிச்சத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டு, அடுத்ததற்கு அடிக்கும் மோடு. நாம் எம்-இல் இருப்பதால் நமக்கு எஸ்1 போதும். ட்ரிக்கரில் ஹைஸ்பீட் சிங்க் (மிக வேகமான ஷட்டருக்கான ஃப்ளாஷ் வசதி) அணைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைச் சுவர் உள்ள அறைக்குள் இது அருமையாக வேலை செய்யும், சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சமே போதும். வெயிலில் நம்ப முடியாது, ஃப்ளாஷின் சென்சார் முக்கிய லைட்டுக்கு நேராக இருந்தாலும் தூரம் ரொம்பக் குறைந்துவிடும். கல்யாண மண்டபத்தில் வேறு தொல்லை: பெண் வீட்டார் ஏற்பாடு செய்த போட்டோகிராபர் அடித்தாலும், சித்தப்பா கேமராவில் அடித்தாலும் உங்கள் ஃப்ளாஷும் சேர்ந்து அடிக்கும், தாலி கட்டும் நொடியில் நீங்கள் அழுத்தும்போது அது சார்ஜ் ஏறாமல் நிற்கும். இந்த மாதிரி வேலைக்கு மூன்றையுமே ரேடியோவுக்கு மாற்றிவிடுங்கள். எக்ஸ்2டியின் தலையிலேயே ஒரு ஹாட் ஷூ இருக்கிறது, அதில் யாங்நுவோவின் ரேடியோ ட்ரிக்கரான ஆர்எஃப்-603 II-ஐச் செருகினால் ஒய்என்560 III தன்னுள் இருக்கும் ரிசீவரிலேயே கேட்டுக்கொள்ளும். எஸ்பி-800-க்கு அடியில் இன்னொரு 603-ஐ வைக்கலாம். அல்லது கொஞ்சம் செலவு செய்து கோடாக்ஸின் எக்ஸ்1ஆர்-என் ரிசீவர் வாங்கினால் அதன் பவரைக் கேமராவிலிருந்தே மாற்றலாம்; கேனான் ஃப்ளாஷ் என்றால் எக்ஸ்1ஆர்-சி.

ஷட்டரை 1/160-இல் ஆரம்பியுங்கள். கேமரா 1/250 வரை தாங்கும் என்று எழுதியிருந்தாலும் ட்ரிக்கர் மேல் ட்ரிக்கர் வைக்கும்போது சிறு தாமதம் சேரும், படத்தின் ஓரத்தில் கருப்புப் பட்டை விழும்.

அடுத்தது பவர், பலர் குழம்புவது இங்கேதான். பெட்டியில் டிடி600-க்கு கைடு நம்பர் (ஃப்ளாஷின் பலத்தைச் சொல்லும் எண்) 60, எஸ்பி-800-க்கு 38 என்று பார்த்துவிட்டு நிக்கான் பாதிதான் என்று முடிவு கட்டாதீர்கள். அந்த 60 என்பது ஜூம் 200 மிமீ-இல் அளந்தது, 38 என்பது 35 மிமீ-இல். ஒய்என்560 III-இன் 58-ஓ 105 மிமீ-இல் அளந்தது, அதே 105-இல் எஸ்பி-800 கொடுப்பது 56. கிட்டத்தட்ட ஒன்றுதான். நீங்களே சோதித்துப் பார்க்கலாம்: மூன்றையும் ஒவ்வொன்றாக ஒரே தூரத்தில் வெள்ளைச் சுவரைப் பார்க்க வைத்து, ஜூம் 35, பவர் 1/16, வைட் பேலன்ஸை 5500 கெல்வினில் பூட்டி ஒவ்வொரு படம் எடுங்கள். ஹிஸ்டோகிராமில் எது எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று தெரியும், கூடவே நிறமும் தெரிந்துவிடும். பழைய ஃப்ளாஷின் முன்பக்க பிளாஸ்டிக் பழுத்துப்போய் மஞ்சளடிக்கும், இன்னொன்று நீலமாக இருக்கும். நீலமாக அடிப்பதன் முகத்தில் 1/8 சிடிஓ ஜெல் (லேசான ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் தாள்) ஒரு துண்டு ஒட்டிப் பாருங்கள், பெரும்பாலும் போதும். அப்படியும் ஒத்துவராத ஃப்ளாஷை முகத்துக்கு வைக்காமல் பின்னாலிருந்து தலைமுடிக்கோ திரைக்கோ அடியுங்கள், அங்கே லேசான நிற வித்தியாசம் யார் கண்ணிலும் படாது.

படம் எடுக்கும் இடத்தில் முதலில் எல்லா ஃப்ளாஷையும் அணைத்துவிட்டு ஐஎஸ்ஓ 200, எஃப் 5.6, 1/160-இல் ஒரு படம். அறை விளக்கு வேண்டாம் என்றால் அது கிட்டத்தட்ட கருப்பாக வர வேண்டும். பிறகு குடை போட்ட முக்கிய லைட்டை மட்டும் எரியவிட்டு முகம் சரியாக வரும்வரை பவரை மாற்றுங்கள். அது சரியான பிறகுதான் இரண்டாவது, அதன் பிறகு மூன்றாவது. மூன்றையும் ஒன்றாகப் போட்டுவிட்டு எது கெடுக்கிறது என்று தேடினால் பொழுது போய்விடும்.

ஃப்ளாஷ்களின் ஸ்டாண்ட்பையை மெனுவில் அணைத்துவிடுங்கள், தூங்கிப்போன ஃப்ளாஷை ஒற்றைப் பின் ரிசீவர் பல நேரம் எழுப்பாது. மூன்றிலும் நல்ல ரீசார்ஜபிள் செல்கள், ஒரே வயதுள்ளவையாக, இருக்கட்டும். எது மெதுவாக சார்ஜ் ஏறுகிறதோ அதற்காகக் காத்திருந்துதான் அடுத்த படத்தை எடுக்க முடியும். விவிடார் 283 மாதிரி பழங்கால ஃப்ளாஷ் வீட்டில் கிடந்தால் அதைக் கேமராவிலோ ரிசீவரிலோ அப்படியே செருகாதீர்கள், சிலவற்றின் ட்ரிக்கர் வோல்டேஜ் 200-ஐத் தாண்டும். முதலில் அதை ஆன் செய்து, நடுப் பின்னுக்கும் ஓரத் தகட்டுக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்.