வீட்டிலேயே கோல்டு ஏர் இன்டேக்: குழாயை அறுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய தவறுகள்

பானட்டைத் திறந்ததும் கண்ணில் படும் கறுப்பு பிளாஸ்டிக் பெட்டியை, அதாவது ஏர் ஃபில்டர் உட்கார்ந்திருக்கும் ஏர் பாக்ஸைப் பார்த்து, "இதுதான் வண்டிக்கு மூச்சு முட்டக் காரணம்" என்று முடிவு கட்டிவிடுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளம்புகிறது. அந்தப் பெட்டிக்குக் காற்று எங்கிருந்து வருகிறது என்று குழாயைத் தடவிக்கொண்டே முன்பக்கம் போய்ப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் அது ரேடியேட்டருக்கு மேலே கிரில்லை ஒட்டியோ, ஹெட்லைட்டுக்குப் பின்னாலோ, ஃபெண்டருக்குள்ளோ போய் முடியும். இன்ஜின் சூடு படாத வெளிக்காற்றைத்தான் அது ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருக்கிறது. கம்பெனி பொருத்தித் தந்திருப்பதே ஒரு கோல்டு ஏர் இன்டேக்தான்.

அதைக் கழற்றி எறிந்துவிட்டு, கூம்பு வடிவ கோன் ஃபில்டர் ஒன்றை இன்ஜினுக்குப் பக்கத்தில் திறந்தபடி மாட்டுகிறார்கள். சத்தம் கூடுகிறது; சத்தம் கூடியதும் பிக்கப்பும் கூடியதுபோலத் தோன்றுகிறது. ஆனால் வெளியே 40 டிகிரி வெயில் அடிக்கும்போது, சிக்னலில் நிற்கும் வண்டியின் பானட்டுக்குள் 70 டிகிரி சாதாரணம். அந்தக் காற்றின் அடர்த்தி வெளிக்காற்றைவிடச் சுமார் 9 சதவீதம் குறைவு, ஆக்சிஜனும் அதே அளவு குறைவு. காசு செலவழித்து ஹாட் ஏர் இன்டேக் செய்தாகிவிட்டது.

எதிர்த்திசையிலும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். காற்று 10 டிகிரி குளிர்ந்தால் அடர்த்தி சுமார் 3 சதவீதம் கூடும். 80 குதிரைத்திறன் வண்டியில் ஆசைப்பட முடிந்தது அதிகபட்சம் இரண்டு, இரண்டரை குதிரை. இதைத் தெரிந்துகொண்டு இறங்குகிறவர்களுக்கு ஏமாற்றம் இருக்காது.

அதனால் முதல் வேலை அளப்பது. ஸ்டீயரிங்குக்குக் கீழே, மெக்கானிக் கோளாறு பார்க்கக் கருவி செருகும் ஓபிடி சாக்கெட்டில் மலிவான புளூடூத் ஸ்கேனர் ஒன்றைச் செருகினால், இன்டேக் காற்றின் வெப்பநிலை போனிலேயே தெரியும். நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடும்போது பாருங்கள். வெளி வெப்பநிலையைவிட ஐந்தாறு டிகிரிதான் கூடுதல் என்றால், குளிரவைக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. சில கார்களில் இந்த வெப்பநிலை சென்சார், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டிலேயே உட்கார்ந்திருக்கும். அப்போது அங்கிருக்கும் சூட்டையும் சேர்த்துக் காட்டும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க ஸ்கேனர்கூட வேண்டாம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் லெவல் டியூப் போதும். அதை ‘யு’ வடிவில் வளைத்து ஓர் அட்டையில் கட்டி, பாதி வரை கலர் தண்ணீர் ஊற்றுங்கள். ஏர் பாக்ஸில் ஃபில்டருக்கு முந்தைய பக்கம் சின்னத் துளை போட்டு ஒரு முனையைச் செருகி, மறுமுனையைத் திறந்து விடுங்கள். தண்ணீர் உள்ளே இழுபடாதபடி குழாய் நல்ல நீளமாக இருக்கட்டும். காலியான சாலையில் வேறொருவர் ஓட்ட, முழு ஆக்சிலரேட்டரில் இரண்டு பக்கத் தண்ணீர் மட்டமும் எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். 10 செ.மீ. விலகல் என்றால் சுமார் 1 கிலோபாஸ்கல், அதாவது காற்றழுத்தத்தில் ஒரு சதவீதம். இது காற்று நுழையும் வாய்க்குழாயின் இழப்பு மட்டும். அங்கே விலகல் பெரிதாக இருந்தால் அந்த வாயை மட்டும் அகலப்படுத்தினால் போதும். பெட்டியையும் ஃபில்டரையும் தொடவே வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், வீட்டில் செய்வதற்கு உருப்படியான ஒரே கோல்டு ஏர் இன்டேக் இதுதான். பார்க்கப் பளபளப்பாக இருக்காது, அவ்வளவுதான். சோதனைத் துளையை ரப்பர் மூடி போட்டு அடைத்துவிடுங்கள். ஃபில்டருக்கு முன்னால் இருக்கும் துளை என்பதால் தூசி இன்ஜினுக்குப் போகாது.

இதற்குப் பிறகும் முழுக் குழாயையும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்பவர்கள் நேராகப் போவது பிளம்பிங் கடைக்கு. 75 மி.மீ. பிவிசி குழாய், இரண்டு எல்போ, கொஞ்சம் சொல்யூஷன். பிவிசி 60 டிகிரிக்கு மேல் வலுவிழக்கத் தொடங்கி, 80 டிகிரி வாக்கில் இளகிவிடும். சித்திரை வெயிலில் பானட்டுக்குள் அது எந்நேரமும் நடக்கலாம். தொய்ந்த குழாய் ஃபேன் பெல்ட்டிலோ வயர்க் கட்டிலோ போய் உரசும். அலுமினியக் குழாயும், வளைவுகளுக்கு சிலிக்கான் ஹோஸும்தான் சரி. வாஷிங் மெஷின் வடிகால் ஹோஸ் மாதிரி மடிப்புமடிப்பாக இருப்பவை வேண்டவே வேண்டாம். உறிஞ்சும் வேகத்தில் சப்பி ஒட்டிக்கொள்ளும். டர்போ வண்டி என்றால், உள்ளே கிழியும் ஒரு துண்டு போய் விழுவது நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போவின் சக்கரத்தில்.

இன்ஜின் மவுண்டின் மேல் ஆடும், பாடி ஆடாது. இரண்டையும் விறைப்பான குழாயால் இணைத்தால் எங்கேயாவது விரிசல் விடும். இன்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடிக்கு அருகில் கொஞ்சம் வளையக்கூடிய ரப்பரோ சிலிக்கானோ இருந்தாக வேண்டும்.

சென்சார் பொருத்தத் துளை போடுகிறவர்கள் கவனிக்காமல் விடுவது ட்ரில் பொடியை. அலுமினியச் சீவல் குழாயின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், விரலால் தடவினாலும் சில சமயம் தட்டுப்படாது. ஃபில்டரைத் தாண்டிய இடம் அது. அங்கிருந்து புறப்படும் எதுவும் நேராக சிலிண்டருக்குத்தான் போகும். துளையின் ஓரத்தை அரத்தால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, வெள்ளைத் துணியை உள்ளே இழுத்துப் பாருங்கள். துணி வெள்ளையாகவே வரும்வரை மாட்டாதீர்கள்.

இனி காற்றின் எடையை அளக்கும் எம்.ஏ.எஃப். சென்சார். பெரும்பாலான நவீன டீசல் கார்களிலும் பல பெட்ரோல் கார்களிலும் இது உண்டு. சூடான ஒரு கம்பியையோ சவ்வையோ காற்று எவ்வளவு குளிரவைக்கிறது என்று பார்த்து, மொத்தக் காற்றையும் கணக்கிடுவது இதன் வேலை. அந்தக் கணக்கு, சென்சார் உட்கார்ந்திருக்கும் குழாயின் உள்விட்டத்தை நம்பியே எழுதப்பட்டிருக்கிறது. 60 மி.மீ. இருந்த இடத்தில் 70 மி.மீ. குழாய் போட்டால் பரப்பு 36 சதவீதம் கூடுகிறது, காற்றின் வேகம் அதற்கேற்பக் குறைகிறது. உள்ளே போகும் காற்றில் கால் பங்குக்கு மேல், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூவின் கணக்கில் வராது. பெட்ரோல் வண்டியில் மெதுவாக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சார் ஓரளவு சரிக்கட்டும். பிறகு செக் இன்ஜின் விளக்கு எரியும், காற்றுக்கு எரிபொருள் போதவில்லை என்று சொல்லும் பி0171 என்ற கோடு வரும். முழு ஆக்சிலரேட்டரில் அந்தச் சரிக்கட்டலும் பெரும்பாலும் இருக்காது. எரிபொருள் குறைந்து, சூடு ஏறி, இன்ஜின் தட்டத் தொடங்கும். தப்பிக்க ஒரே வழி, கம்பெனியின் சென்சார் கூட்டை அப்படியே கழற்றி, புதிய குழாயின் நடுவில் சேர்ப்பது. அதில் இருக்கும் அம்புக்குறி இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டும். வளைவு முடிந்த கையோடு வைக்காமல், அதற்கு முன்னால் கொஞ்சம் நேர்க்குழாய் விடுங்கள். எண்ணெய் தடவும் காட்டன் ஃபில்டர் போடுகிறவர்கள் எண்ணெயை அள்ளித் தெளித்தால், அதுவும் போய்ப் படிவது இதே சென்சாரில்தான்.

வால்வு கவரிலிருந்து வரும் சின்ன பிரீதர் ஹோஸைச் சும்மா தொங்கவிடுவதும், போல்ட் வைத்து அடைப்பதும் அடிக்கடி நடக்கிறது. அடைத்தால் இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறி ஆயில் சீல்கள் கசியும். தொங்கவிட்டால் வடிகட்டாத, அளக்காத காற்று அந்த வழியாக உள்ளே போகும். அது இணைய வேண்டிய இடம், எம்.ஏ.எஃப். சென்சாருக்கும் த்ராட்டில் பாடிக்கும் நடுவில். குழாயின் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் காலிப் பெட்டியையும் வீண் என்று வெட்டுகிறார்கள். அது ரெசனேட்டர், இரைச்சலை அடக்குவது அதுதான்.

குளிர்ந்த காற்று கீழேதான் கிடைக்கும் என்று ஃபில்டரை பம்பருக்குள், ஃபாக் லேம்ப் பக்கமாக இறக்குவது ஆகப் பெரிய செலவில் முடியும் தவறு. 1.2 லிட்டர் நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சிலிண்டர் 300 சி.சி. காற்றைப் பத்தில் ஒரு பங்காக அமுக்குகிறது, அதாவது கம்ப்ரஷன் விகிதம் 10 என்றால், பிஸ்டன் மேலே வரும்போது மிச்சமிருக்கும் இடம் 33 மில்லிதான். அதற்கு மேல் தண்ணீர் புகுந்தால், தண்ணீரை அமுக்க முடியாது என்பதால் பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளையும். இதற்கு 2015 டிசம்பரையோ 2023 டிசம்பரையோ போன்ற சென்னை வெள்ளம் வர வேண்டியதில்லை. முழங்கால் தண்ணீரில் எதிரே வரும் பேருந்து எழுப்பும் அலை போதும். இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் கவர் எடுக்காத சாதாரண இன்சூரன்ஸில் இந்தச் சேதத்துக்குப் பொதுவாகப் பணம் வராது. கவர் இருந்தாலும், சொல்லாமல் செய்த மாற்றம் அவர்களுக்கு மறுக்க ஒரு காரணம்.

எல்லாம் மாட்டிய பிறகு, 500 கி.மீ. ஓடியதும் ஃபில்டரைக் கழற்றி, அதற்கு அடுத்த குழாயின் உள்பக்கத்தை அதே வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். செம்மண் நிறத்தில் ஏதாவது ஒட்டினால், கிளாம்ப் சரியாகப் பிடிக்கவில்லை அல்லது ஃபில்டரே சரியில்லை. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும்வரை பழைய பெட்டியை மாட்டி ஓட்டுங்கள். அதனால் கழற்றிய பெட்டியையும் அதன் நட்டு, கிளிப்புகளையும் ஒரு சாக்கில் கட்டிப் பரண்மேல் போட்டு வையுங்கள். வண்டியை விற்கும்போதும் வாங்குகிறவர் முதலில் அதைத்தான் கேட்பார்.