ஆர்சி படகு ஷாஃப்ட் புஷ்: பழைய கிரீஸைத் துடைத்த பிறகே புதியது

காரைக்குடிப் பக்கம் கண்மாயில் தண்ணீர் நிற்கிற மாதங்கள்தான் ஆர்சி படகு (ரிமோட்டில் ஓட்டும் சின்னப் படகு) ஓட்டுகிற நமக்கு சீசன். ஐப்பசி மழைக்குப் பிறகு நிறைந்து கிடப்பதைப் பார்க்க அழகுதான், ஆனால் அது செம்மண் கலங்கல். அந்த நைசான மண் ஸ்ட்ரட் (படகின் பின்னால் ஷாஃப்டைத் தாங்கும் பாகம்) வழியாக ஏறி கிரீஸோடு குழைந்துவிட்டால், ஷாஃப்ட் சுழலும் குழல் போன்ற தாங்கியான புஷ்ஷுக்கு அதைவிட நல்ல அரம் வேண்டாம். மேலே மேலே கிரீஸ் அப்புகிறவர்கள் மண்ணையும் சேர்த்தே உள்ளே தள்ளுகிறார்கள்.

ஓட்டி முடித்த அன்றே, மோட்டார் பக்கம் கப்ளரை (மோட்டாரையும் ஷாஃப்டையும் இணைக்கும் துண்டு) அலன் கீயால் தளர்த்தி, புரொப்பெல்லரைப் பிடித்துப் பின்பக்கமாக ஷாஃப்டை உருவி எடுங்கள். ஷாஃப்டாக இருக்கும் முறுக்குக் கம்பிக் கேபிளைத் துடையுங்கள். பழைய வேட்டித் துணியில் ஒரு கீற்றைக் கெட்டி நூலில் கட்டி, ஷாஃப்ட் ஓடும் டியூப்புக்குள் இழுத்து, துணி கருப்பில்லாமல் வரும்வரை மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். எண்ணெய் ஊறின வெண்கல புஷ்ஷாக இருந்தால் மண்ணெண்ணெயில் ஊறப்போடாதீர்கள், துளைகளுக்குள் இருக்கிற எண்ணெய் போய்விடும். அதற்கு வெறும் துணியே போதும்.

புது கிரீஸ் போடும் முன் ஷாஃப்டை மறுபடி செருகி, புரொப்பெல்லரை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். நன்றாக ஆடினால் புஷ் தேய்ந்தாயிற்று, எந்த கிரீஸும் அதை மறைக்காது.

எங்கள் ஐயா, "வண்டி மை போட்டே அந்தக் காலத்தில் மாட்டு வண்டி ஓடியது, இதற்கு விளக்கெண்ணெய் போதாதா?" என்பார். நான் போட்டும் பார்த்தேன். பத்து நாள் சும்மா வைத்ததில் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டது. தண்ணீரில் அலசிப் போகாத மரைன் கிரீஸ்தான் சரி. கேபிளின் முறுக்குக்குள் இறங்கும்படி விரலால் தேய்த்து, ஷாஃப்டைச் சுற்றிக்கொண்டே உள்ளே விடுங்கள். ஸ்ட்ரட் புஷ்ஷுக்கு மெல்லிய பூச்சு போதும். அள்ளி அப்பினால் இழுவை கூடி பாட்டரிதான் சீக்கிரம் தீரும்.

கப்ளரைத் திரும்ப முடுக்கும்போது ஸ்ட்ரட்டுக்கும் டிரைவ் டாகுக்கும் (புரொப்பெல்லருக்கு முன்னால் ஷாஃப்டில் பொருத்தி அதைச் சுழற்றும் துண்டு) நடுவே 2 மி.மீ. அளவு இடைவெளி விடுங்கள், ஏனென்றால் வேகம் எடுத்ததும் கேபிள் முறுகிக் குட்டையாகும், இடைவெளி இல்லாவிட்டால் டாக் புஷ்ஷின் முகத்தில் போய் உரசி அதைச் சூடாக்கும்.

கரையில் வைத்து முழு திராட்டில் கொடுத்துக் காட்டாதீர்கள், சூட்டைத் தணிக்கத் தண்ணீர் கிடையாது. அப்புறம் துடைத்த கிரீஸ் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம், அடுத்த தடவை இன்னும் சீக்கிரமே கழற்றிவிடுங்கள்.