நீலகிரியில் நோயாளி பேச்சைப் புரிந்துகொள்வது எப்படி?

மலையில் புதிதாக வேலைக்குச் சேரும் நர்ஸ் தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். ஓ.பி. வரிசையில் நாலு விதப் பேச்சு காதில் விழும். படுகர்கள் வீட்டில் பேசுவது படுகு. மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து வந்தவர்களிடம் கொங்குத் தமிழ். கூடலூரில் மலையாளம் கலக்கும். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களுக்கு வேறொரு வழக்கு.

படி 1: சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். "மயக்கமா வருதுங்க" என்பார்கள். தலை சுற்றினாலும் மயக்கம், கண் இருட்டினாலும் மயக்கம், நினைவு தப்பி விழுந்தாலும் மயக்கம்தான். "கீழே விழுந்தீங்களா? விழுந்தது ஞாபகம் இருக்கா?" என்று கேளுங்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் என்றால் உடனே சுகர் பாருங்கள்.

படி 2: வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். "நெஞ்சு வலி" என்பவர் மேல்வயிற்றைத் தொடலாம். வாயு என்று ஒதுக்காதீர்கள், மாரடைப்பும் அங்கே வலிக்கும். அப்புறம் "எரியுதா?" என்று மட்டும் கேட்டால் "ஆமாங்க" என்று தலையாட்டிவிடுவார்கள். "குத்துதா, குடையுதா, எரியுதா, அழுத்துதா?" என்று கேட்டால் யோசித்துச் சொல்வார்கள்.

படி 3: மறைத்துச் சொல்லும் சொற்களைக் கவனியுங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், முதுகு வலிக்கு வந்த ஒரு பெண்ணின் மாமியார் என்னிடம், "மருமக முழுகாம இருக்குதுங்க" என்றார். குளிருக்குக் குளிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, முதுகு எக்ஸ்ரே சீட்டோடு அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டேன். மூத்த சிஸ்டர்தான் எக்ஸ்ரே அறை வாசலில் நிறுத்தினார். முழுகாமல் இருப்பது என்றால் கர்ப்பம். அன்று நடுங்கிய கை இன்னும் நினைவிருக்கிறது. "தூரம்" என்றால் மாதவிலக்கு, "வெளிக்குப் போகுது" என்றால் பேதி. இவற்றை முதல் வாரமே பழகிக்கொள்ளுங்கள்.

படி 4: தோட்டத்து ஆட்களிடம் மணி கேட்பதைவிட வேலையை வைத்துக் கேளுங்கள். "பெரட்டுக்குப் (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம்) போறப்பவா, கொழுந்து நிறுக்கிறப்பவா?" என்றால் வலி தொடங்கிய நேரம் சரியாகக் கிடைக்கும்.

படி 5: தமிழ் வராத பாட்டியிடம் சத்தமாகப் பேசிப் பயனில்லை. படுகு தெரிந்த ஒரு பெண்ணைக் கூப்பிடுங்கள். வெள்ளைப்படுவதைப் பேரன் மூலமாகக் கேட்டால் எந்தப் பாட்டியும் சொல்லமாட்டார்.

கடைசியில், எழுதியதை அவர்கள் சொற்களிலேயே படித்துக் காட்டுங்கள். "இல்ல கண்ணு, அப்படியில்ல" என்று திருத்துவார்கள். திருத்திய பிறகு சீட்டை டாக்டரிடம் கொடுங்கள்.