மலிவு விலை டிஏசிகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினியிலும் கைப்பேசியிலும் எண்களாகச் சேமிக்கப்பட்டிருக்கும் இசையை, ஆம்ப்ளிஃபயரும் ஹெட்போனும் ஏற்கக்கூடிய மின்னலையாக மாற்றித் தருவதே டிஏசி எனப்படும் டிஜிட்டல்-அனலாக் மாற்றியின் வேலை. கட்டைவிரல் அளவுள்ள டாங்கிள் முதல் மேசையில் வைக்கும் பெட்டி வரை பல வடிவங்களில் இது கிடைக்கிறது. இரண்டு கருவிகளை வீட்டில் மாற்றி மாற்றிக் கேட்டு, ஒன்றில் குரல் தெளிவாக இருக்கிறது, மற்றொன்றில் பேஸ் மெலிந்திருக்கிறது என்று முடிவு கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் ஒப்பிட்டது ஒலியின் தரத்தை அன்று, ஒலியின் அளவையே என்பது என் உறுதியான கருத்து.

ஆம்ப்ளிஃபயருடன் இணைக்கும் மேசை டிஏசிகளில் பல, சிடி பிளேயர் காலத்து வழக்கப்படி, முழு அளவில் சுமார் 2 வோல்ட் வெளியீடு தருகின்றன. ஆப்பிள் நிறுவனத்தின் சிறிய யுஎஸ்பி-சி ஹெட்போன் அடாப்டரோ, அமெரிக்காவில் விற்கப்படும் வகையில் சுமார் 1 வோல்ட்டும், ஐரோப்பாவில் விற்கப்படும் வகையில் சுமார் 0.5 வோல்ட்டும்தான் தருகிறது. வால்யூம் குமிழைத் தொடாமல் ஒன்றைக் கழற்றி மற்றொன்றை மாட்டினால், முதல் வகையில் 6 டெசிபலும் இரண்டாம் வகையில் 12 டெசிபலும் வேறுபாடு வந்துவிடும். 6 டெசிபல் என்றால் எவருக்கும் சத்தம் கூடியது தெரியும், சரிசெய்துகொள்வார்கள். உண்மையான ஆபத்து அரை டெசிபலுக்கும் குறைவான வேறுபாட்டில்தான் இருக்கிறது. 2 வோல்ட்டுக்கும் 2.1 வோல்ட்டுக்கும் இடையே இருப்பது ஏறத்தாழ 0.4 டெசிபல். அந்த அளவில் காது அதைச் 'சத்தம் அதிகம்' என்று உணர்வதில்லை. 'உயிர்ப்பு அதிகம்', 'விவரம் அதிகம்' என்றே உணர்கிறது. குறைந்த ஒலியளவில் பேஸைக் கேட்கும் திறன் நம் காதுக்குக் குறைவு என்பதை ஒலியியல் ஆய்வாளர்களான ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஆகவே சற்று மெல்ல ஒலிக்கும் கருவிக்கு 'பேஸ் இல்லை' என்ற பழி எளிதில் வந்து சேர்கிறது. நானும் ஒருமுறை புதிதாக வாங்கிய கருவியை இரண்டு வாரம் வியந்து பேசிவிட்டு, பிறகு அளந்து பார்த்தபோதுதான் அது பழையதைவிட முக்கால் டெசிபல் உரக்க ஒலித்தது தெரிந்தது. அளவைச் சமன் செய்த பின் எனக்கு வேறுபாடே கேட்கவில்லை.

இப்படி அளவைச் சமன் செய்வதைக் காதாலேயே செய்ய முயல்வது அடுத்த தவறு. 100 ஹெர்ட்ஸ் சைன் அலையை ஒலிக்கவிட்டு, ஒவ்வொரு கருவியின் வெளியீட்டையும் ஆம்ப்ளிஃபயர் இணைந்திருக்கும் நிலையிலேயே மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். பல மலிவு மல்டிமீட்டர்கள் உயர்ந்த அதிர்வெண்களில் பிழையான அளவு காட்டக்கூடும் என்பதால்தான் 100 ஹெர்ட்ஸ். கடையில் கிடைக்கும் மிகக் குறைந்த விலை மீட்டர்கள் சிலவற்றில் ஏசி அளவீட்டுக்கு 200 வோல்ட், 750 வோல்ட் என்ற இரு நிலைகள் மட்டுமே உள்ளன. அவை இந்த வேலைக்கு உதவாது. 2 வோல்ட் அளவை மூன்று தசம இடங்கள் வரை காட்டும் மீட்டர் தேவை. உரக்க ஒலிக்கும் கருவியின் அளவைப் பிளேயர் மென்பொருளில் குறைத்து, இரண்டும் 0.1 டெசிபலுக்குள், அதாவது சுமார் ஒரு சதவீதத்துக்குள், பொருந்தும்படி செய்துவிட்டால் ஒப்பீட்டில் பாதி வேலை முடிந்துவிடும்.

மீதிப் பாதி, எது ஒலிக்கிறது என்று தெரியாமல் கேட்பது. விலையும் தோற்றமும் தெரிந்த பின் காது நடுநிலையில் இருக்காது. வீட்டில் உள்ள ஒருவரைச் சுவிட்சை மாற்றச் சொல்லி, திரும்பி அமர்ந்து கேட்டாலே போதும்; ஆனால் எத்தனை முறை என்பது முக்கியம். ஐந்தில் நான்கு சரியாகச் சொல்வது குருட்டு யோகத்திலும் நடக்கும். 16 முறை கேட்டு 12 முறை சரியாகச் சொன்னால், அது தற்செயலாக நிகழும் வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் கீழே. மாற்றுவதற்கு இடையே கேபிளைக் கழற்றி மாட்ட இரண்டு நிமிடம் ஆகிறதென்றால் அந்தச் சோதனையே வீண், ஏனெனில் நுண்ணிய ஒலி வேறுபாடுகள் நினைவில் சில விநாடிகளுக்கு மேல் நிற்பதில்லை.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் 32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ் போன்ற எண்களை வைத்து முடிவு செய்ய வேண்டாம். சிடியின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் அளவே சுமார் 96 டெசிபல் வீச்சையும் 20 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியையும் தாங்கும். சோதனை அறிக்கைகளில் வரும் சைனட் என்ற எண்ணுக்கும், அதாவது இரைச்சலையும் சிதைவையும்விட இசை எத்தனை டெசிபல் உயர்ந்து நிற்கிறது என்பதைக் காட்டும் எண்ணுக்கும், இதுவே பொருந்தும். இரவில் அமைதியான அறையிலேயே 30 டெசிபல் பின்னணி இரைச்சல் இருக்கும்போது, 105-க்கும் 115-க்கும் உள்ள வேறுபாடு எந்தக் காதுக்கும் எட்டாது. காணொளியில் இரண்டு டிஏசிகளின் ஒலியை ஒப்பிட்டுக் காட்டுவதை நம்புவதும் தவறு. சுருக்கப்பட்ட அந்த ஒலியை நாம் கேட்பது நம்மிடம் உள்ள டிஏசி வழியாகத்தான்.

எல்லாக் கருவிகளும் ஒன்றே என்று இதற்குப் பொருள் கொள்வதும் பிழைதான். ஓவர்சாம்ப்ளிங் (இசையின் மாதிரி எண்களுக்கு இடையே கூடுதல் எண்களைக் கணித்து நிரப்புவது) இல்லாத வகை டிஏசிகள், ஈடுசெய்யும் வடிகட்டி இல்லாதபோது, 44.1 கிலோஹெர்ட்ஸ் இசையில் 20 கிலோஹெர்ட்ஸ் அருகே 3 டெசிபலுக்கு மேல் தாழ்ந்துவிடும். இளம் காதுகளுக்கு அது கேட்கவும் கூடும். ஹெட்போன் வெளியீட்டின் மின்தடையும் கவனிக்க வேண்டியது. அதிர்வெண்ணைப் பொறுத்து 8 ஓம் முதல் 40 ஓம் வரை மின்தடை ஏறி இறங்கும் இயர்போனை 10 ஓம் வெளியீட்டில் மாட்டினால், சில அதிர்வெண்கள் மற்றவற்றைவிட 5 டெசிபல் வரை உயர்ந்து ஒலியின் நிறமே மாறிவிடும். அதே இயர்போன் 1 ஓமுக்குக் குறைவான வெளியீட்டில் இயல்பாக ஒலிக்கும். ஒரு கருவியை ஹெட்போனிலும் மற்றொன்றை ஸ்பீக்கரிலும் கேட்டு ஒப்பிடக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பாடலை அனுப்பும் பாதையும் ஒன்றாக இருக்க வேண்டும். பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் எல்லா ஒலியையும் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றியே அனுப்புகின்றன. விண்டோஸும் பொதுப் பயன்பாட்டு நிலையில் அமைப்பில் குறித்த வீதத்துக்கு மாற்றுகிறது. ஒரு செயலியில் ஒலியளவைச் சமன்படுத்தும் வசதி இயங்கி மற்றொன்றில் இயங்காவிட்டால், மல்டிமீட்டரால் செய்த வேலையெல்லாம் பாழ்.

கடைசியாக, டிஏசியின் குறையாகப் பலரும் சொல்லும் 'ஹம்' என்ற உறுமல். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட விடுங்கள். உறுமல் நின்றுவிட்டால், அது கணினிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையே எர்த் வழியாகச் சுற்றும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் வேலை. டிஏசியை மாற்றினாலும் பெரும்பாலும் தொடரும். கணினியிலும் டிஏசியிலும் ஆப்டிகல் இணைப்பு இருந்தால் அதன் வழியே இணையுங்கள். மின்தொடர்பே இல்லாத அந்தக் கேபிளில் இந்தச் சுற்று அறுந்துபோகும்.